உப்பு கேட்கக்கூடாத மேசை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாக்கு மூட்டைகளின் மேல் 'மிளகு', 'கராம்பு' என்று மை தொட்டு எழுதியதுதான். புத்தகம் எழுதுகிறவர்கள் உட்காரும் கதிரையில் நானும் போய் உட்காரலாமா என்று பல நாள் யோசித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். எங்கள் மாதா கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, தொண்டை கட்டிவிட்டது என்று கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு போய் நின்றவன் நான். வாயால் வராதது கையால் வருமா என்று இப்போது பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி, கலகெதரைப் பாதையில் கொஞ்ச தூரம் போனால் மேட்டில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் ஒரு பலாமரம். அதில் இப்போது நானும் என் மனைவியும் மட்டும்தான். ஒரே மகன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் இருந்தவரை வீட்டில் மூன்று பேருடைய சத்தம் இருந்தது. அதில் என் பங்கு எப்போதும் குறைவு. அவன் போன பிறகு மூன்று பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அவள் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் கண் விழித்ததும் இரவு கண்ட கனவைச் சொல்வாள். தேங்காய் துருவும்போது அந்தத் தேங்காயை விற்றவனைப் பற்றிச் சொல்வாள். பால் பொங்கி வழிந்தால் பாலோடு சண்டை பிடிப்பாள். பஸ்ஸில் ஏறி இரண்டு தரிப்பு போவதற்குள், பக்கத்தில் இருக்கும் பெண்ணின் மூத்த மகளுக்கு என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரியில் மருந்து என்பது வரை தெரிந்துகொள்வாள். சிங்களத்திலும் அதே வேகம்தான். எனக்காகவும் அவளே பேசுவாள். கடையில் என் சட்டை அளவைச் சொல்வதும், கிராம சேவகரிடம் என் பிறந்த ஊரைச் சொல்வதும், டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதும் அவள்தான். ஒருமுறை டாக்டர் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வாயத் திறங்க" என்றார்.

"அதத்தான் டாக்டர் நானும் கல்யாணம் கட்டுன நாள்லேருந்து சொல்றேன்" என்றாள் அவள்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடியது.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. எழுதவும் வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவையாவது கடவுள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல் எனக்குத் தெரிய வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். வெளிச்சம், குரல் எதுவும் வேண்டாம். பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்காமலே தெரியுமே, அப்படித் தெரிந்தால் போதும். அதற்காகவே காலைப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பேன். அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம் வரும். வெளியே யாரோ முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். யன்னல் வழியாக வந்த வெயில் தரையில் மெல்ல நகரும். ஏதோ வரப்போவது போல் இருக்கும். சரியாக அந்த நேரம் சட்டைப் பையில் ஃபோன் அதிரும்.

"எங்க இருக்கீங்க? வாறப்போ கறிக்கு ரம்பை ரெண்டு எல வாங்கிட்டு வாங்க. கோயில்ல யாரு ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா? இங்க சோறு காஞ்சுக்கிட்டு இருக்கு."

வெயில் அங்கேயே நின்றுவிடும். நான் எழுந்து போய் ரம்பை வாங்குவேன். எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருப்பது அவளுடைய பேச்சுதான் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார்கள். அம்பிட்டியவில் ஒரு தியான இல்லத்தில் வெள்ளி பின்னேரம் முதல் ஞாயிறு மத்தியானம் வரை மௌன தியானம். பேச்சே கிடையாது. நான் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில், தம்பதிகளுக்கு மட்டும் என்றார்கள்.

ஓர் ஆள் தனியாக வரலாமா என்று பாதரிடம் கேட்டிருக்கலாம். இரண்டு சொல்தான். கோயில் வாசலில் அவர் நிற்கவும் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் போய், அவருடைய செருப்பைப் பார்த்தேன். "என்ன, ரெண்டு பேரும் வாறீங்களா?" என்று அவரே கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். அப்படித்தான் அவள் பெயரும் சேர்ந்தது.

வீட்டில் சொன்னபோது அவள் கையில் அகப்பை இருந்தது.

"மூணு நாளா? பேசாமயா?"

"ம்."

"ஒங்களுக்கென்ன, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி போவீங்க. நான் செத்தே போயிருவேன். சாமி முன்னாடி ஒரு பொணத்தக் கொண்டுபோய் வச்ச பாவம் ஒங்களுக்கு வரும்." அகப்பையைச் சட்டிக்குள் போட்டுக் கிண்டினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். "மூணு நாளும் நான் சோறாக்க வேணாம்ல?"

"வேணாம்."

"அப்போ போவோம்."

நான் வேலை செய்வது மடவளையில், ஒரு முதலாளியின் களஞ்சியத்தில். சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மிளகு, கராம்பு, சாதிக்காயைக் காய வைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்புவோம். முதலாளியிடம் லீவு கேட்க வேண்டியிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க பயணம்?" என்றார்.

"அம்பிட்டியவுக்குங்க. தியானம். மூணு நாள் பேசாம இருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பேசாம ஈக்கவா? அதுக்கு என்னத்துக்கு லீவு? இங்க நீங்க அததானே செய்றீங்க!"

களஞ்சியமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "போய்ட்டு வாங்க. எங்களுக்காகவும் கேளுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்பிட்டிய மேட்டில் பஸ் முனகி முனகி ஏறியது. தியான இல்லம் ஒரு பழைய நீளக் கட்டடம். முன்னால் நெடுக விறாந்தை. எதிரே ஹந்தானை மலை, பாதி மேகத்துக்குள். கணவன்மார் கட்டடத்தின் ஒரு பக்கத்திலும் மனைவிமார் மறுபக்கத்திலும் தங்க வேண்டும். சாப்பாட்டு அறையிலும் தனித்தனி மேசை. எல்லாரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, பொறுப்பாக இருந்த சிஸ்டர் விளக்கம் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவர். கையில் ஒரு வெண்கல மணி வைத்திருந்தார்.

"இந்த மணி அடிச்சாப் பிறகு ஒருத்தரும் கதைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்ப அடிப்பன். அப்பதான் வாய் திறக்கலாம். ஃபோனுகளை இந்தப் பெட்டிக்குள்ள போடுங்கோ. இன்னொண்டு, சாப்பாட்டு மேசையில எங்கட வீட்டில ஒரு பழக்கம் இருக்கு. உங்களுக்கு உப்பு வேணுமெண்டால் கேக்கக் கூடாது. கை காட்டவும் கூடாது, எட்டி எடுக்கவும் கூடாது. பக்கத்தில இருக்கிறவர் பாத்து, அவர்தான் நகர்த்த வேணும். உங்கட தட்டைப் பாக்க வேண்டாம், மற்றவரின்ர தட்டைப் பாருங்கோ. விளங்கிச்சோ?"

எல்லாரும் தலையாட்டினோம். என் மனைவி மட்டும் கையைத் தூக்கினாள்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். தூக்கத்துல பேசினா?"

"அது கணக்கில்லை."

"அப்பன்னா நான் நல்லாத் தூங்குவேன் சிஸ்டர்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன். பிரிந்து போகும்போது விறாந்தையில் என்னைப் பிடித்து, "சுவெட்டர் பைக்கு அடியில இருக்கு. தலையில பனி பட விடாதீங்க. ராவைக்கு மறக்காம அந்த" என்றாள். மணி அடித்தது. மறக்காமல் எதை என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த முதல் ராத்திரிச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய்க் கறி, பருப்பு, சம்பல். எங்கள் மேசையில் ஆறு ஆண்கள். தியானத்துக்கு வந்தவர்கள் என்ற நினைப்பில் ஆறு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டோம். பூசணிக்காயில் உப்பே இல்லை. வேண்டுமென்றுதான் அப்படிச் சமைக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. உப்புப் போத்தல் மேசை நடுவில் மூடியோடு நின்றது. என் பக்கத்தில் இருந்தவர் லொறி ஓட்டுகிற பெரிய ஆள். அவர் இருமினார். நான் அதைப் பக்தியான இருமல் என்று நினைத்தேன். ஆறு புண்ணியவான்களும் உப்பில்லாமல் சாப்பிட்டு எழுந்தோம்.

எழுந்தபோதுதான் மனைவிமாரின் மேசையைப் பார்த்தேன். அங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கூசா, உப்பு, சம்பல், கரண்டி, ஒன்றும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நீருக்கு அடியில் மீன்கள் திரும்புவது போலக் கைகள் திரும்பின. அந்தக் கைகளுக்கு நடுவில் என் மனைவி, ஒவ்வொருவர் தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்தபோது மேகம் விறாந்தைக்குள் வந்திருந்தது. தூண்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் ஆட்கள் மெல்ல நடந்தார்கள். ஒருவர் எதிரே வந்தால் முதலில் செருப்புச் சத்தம், பிறகு ஒரு நிழல், பிறகு ஒரு முகம். தலையை லேசாக அசைத்துவிட்டு மறுபடியும் வெள்ளைக்குள் போய்விடுவார்கள். எங்கோ கீழே ஒரு சேவல் கூவியது. பலா இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இதற்குத்தான் இத்தனை காலம் ஆசைப்பட்டேன் என்று, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த சீமெந்து வாங்கில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன்.

கேஸ் சிலிண்டரை மூடினோமா?

அதுதான் வந்தது. அதற்குப் பிறகு களஞ்சியத்துத் தராசின் ஆட்டம், முதலாளியின் சிரிப்பு, ரேடியோவில் வரும் பற்பசை விளம்பரப் பாட்டு. அந்தப் பாட்டு ஒரு பிடி பிடித்தால் விடாது. அதை விரட்டினால் மகன் அனுப்பிய படத்தில் அவன் மெலிந்திருந்தது நினைவுக்கு வரும். அதை விரட்டினால் மறுபடியும் சிலிண்டர். ஊமையாக வாழ்ந்த எனக்குள் இவ்வளவு இரைச்சல் இருந்தது எனக்கே தெரியாது. அவளுடைய சத்தத்தில் என் சத்தம் எனக்குக் கேட்காமல் இருந்திருக்கிறது.

பிறகு அவளைத் தேடினேன். வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை. சத்தம் சொல்லிவிடும். இங்கே கண்ணால் தேட வேண்டியிருந்தது. பேச முடியாமல் அவள் அந்தரப்பட்டுக்கொண்டிருப்பாள், என்னைக் கண்டதும் கண்ணாலும் கையாலும் முறைப்பாடு சொல்வாள், பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பலாமரத்துக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். சீலைத் தலைப்பைத் தோளில் போர்த்தி, கைகளை மடியில் வைத்திருந்தாள். கைகள் சும்மா இருந்தன. அவள் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் செருப்பைத் தரையில் உரசினேன். திரும்பிப் பார்த்தாள். பயணத்தில் எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேகம் எங்களுக்கு நடுவில் வந்தது.

பின்னேரம் சிற்றாலயத்தில் நான் பின் வரிசையில் இருந்தேன். அவள் முன்னால் இருந்தாள். பாதர் ஒரு வாசகத்தை வாசித்துவிட்டுப் போய்விட்டார். என் முழங்கால் வலித்தது, முதுகு வலித்தது, விளம்பரப் பாட்டு ஓடியது. அவள் அசையவே இல்லை. கழுத்துக்குப் பின்னால் நரைமுடி கொஞ்சம் அவிழ்ந்து காற்றில் ஆடியது. அது மட்டும்தான் ஆடியது. வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். மழை விட்ட பிறகு முற்றம் இருக்குமே, அப்படி இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை வந்தது. கேட்டது நான். துணைக்கு வந்தவள் அவள். பந்தியில் அழைக்காமல் வந்து உட்கார்ந்தவளுக்குப் பாயசம் முதலில் போனது போல் இருந்தது.

அந்தப் பொறாமை இருட்டும் நேரத்தில் வேறு ஒன்றாக மாறியது. விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். கீழே கண்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஞாயிறு மத்தியானம் மணி அடித்த பிறகும் இவள் பேசாவிட்டால்? என்று ஒரு நினைப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அதைத் தள்ளினேன். போகவில்லை.

அன்றைய ராத்திரிச் சாப்பாட்டில் நான் தலையை நிமிர்த்தினேன். லொறிக்காரரின் கிளாஸ் காலியாக இருந்தது. கூசா என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, முதல் நாளும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஊற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவ்வளவு பெரிய கையை மெதுவாக நீட்டி, உப்புப் போத்தலின் மூடியைக் கழற்றி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று நாளில் எனக்கு நடந்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. குழாயைத் திறந்துவிட்டது போல் மண்டபம் நிறையப் பேச்சு. ஒருவருக்கொருவர் சமாதானம் சொன்னார்கள், கட்டிப் பிடித்தார்கள், ஃபோனைத் தேடினார்கள். லொறிக்காரர் என் தோளில் தட்டி, "அண்ணே, மொத நாள் நான் இருமுனது தண்ணிக்கு" என்றார். அவள் பையோடு வந்தாள். சிஸ்டர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அக்கா, இப்ப கதைக்கலாம்! நித்திரையில கதைச்சனீங்களோ?"

அவள் சிரித்து, சிஸ்டரின் கையைத் தன் கன்னத்தில் வைத்து எடுத்தாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

பஸ் தரிப்புக்கு இறங்கும் பாதையிலும் பேச்சில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பஸ் வந்தது. கொண்டக்டர் வந்து, எங்கே என்று சிங்களத்தில், "கொஹெத?" என்றான். எப்போதும் அவள்தான் சொல்வாள். அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டக்டர் காத்திருந்தான். கையில் இருந்த டிக்கட் மெஷினை விரலால் தட்டினான்.

"நுவர. தெகய்" என்றேன். கண்டி, இரண்டு. குரல் பதினைந்து வயதுப் பையனுடையது போல் உடைந்து வந்தது.

கண்டி டவுனுக்குள் வாவிக் கரையால் பஸ் சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஐஸ்கிரீமோடு நடந்தது. மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. மற்ற நாளாக இருந்தால் இதில் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு வார்த்தை இருக்கும். இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினோம். புறப்பட நேரம் இருந்தது. அவள் யன்னலோரம், நான் பக்கத்தில்.

"ஒடம்புக்கு முடியலையா?" என்றேன்.

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"கோவமா?"

"இல்லங்க." மூன்று நாளுக்குப் பிறகு அவளுடைய முதல் சொல். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "நல்லா இருந்துச்சு."

"எது?"

"பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காம இருந்தது."

குற்றமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி நன்றாக இருந்தது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் யன்னலைப் பார்த்தாள்.

பஸ் புறப்பட்டது. எனக்கு எங்கள் வீடு கண் முன்னால் வந்தது. மேட்டில், பலாமரத்துக்குக் கீழே, இரண்டு அறைகள். கனவைச் சொல்லாத காலை. யாரும் திட்டாத பால். கடைசி வாங்கில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டே இருந்த அந்த அமைதி, இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தது.

"பூசணிக்காயில உப்பு இல்ல" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"எங்க மேசையில ஒருத்தனும் உப்ப நகத்தல. ஆறு பேரு. எல்லாரும் பெரிய சாமியாருங்க மாதிரி குனிஞ்சுக்கிட்டு. அந்த லொறிக்காரரு இருமினாரு. நான் பக்தின்னு நெனச்சேன்."

அவள் தோள் லேசாக அசைந்தது போல் இருந்தது. முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சூடானது. நிறுத்தினால் மறுபடியும் தொடங்க வராது என்று தெரிந்தது, அதனால் நிறுத்தவில்லை. வந்ததையெல்லாம் சொன்னேன். ஒழுங்கே இல்லை. களஞ்சியத்தில் கராம்பு மூட்டை மேல் படுக்கும் பூனை, அது குட்டி போட்ட அன்று முதலாளி அந்த மூட்டையை விற்கவிடாதது. பற்பசைப் பாட்டு. சிலிண்டர். சிலிண்டர் என்றதும் அவள் உதடு அசைந்தது, ஆனால் பேசவில்லை. மகனை வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் நான் முகம் கழுவப் போனதாகச் சொன்னேனே, அது முகம் கழுவப் போனதல்ல என்று சொன்னேன்.

"நீ தூங்குனப்புறம் சில நாளு அவன் அறையில போய் நிப்பேன். சும்மா நிப்பேன். அவன் சட்ட ஒண்ணு கதவுக்குப் பின்னால தொங்குதுல்ல, அத எடுத்துத் தோய்க்காம விட்டது நான்தான். நீ என்னமோ அவன் மறந்துட்டுப் போய்ட்டான்னு ஏசிக்கிட்டே இருந்த."

இப்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துப் பேசினேன்.

"கோயில்ல யாரு காத்துக்கிட்டு இருக்கான்னு கேப்பியே. யாரும் காத்துக்கிட்டு இல்ல. நான்தான் காத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவயாவது வந்து ஒக்காருவாருன்னு. எத்தன வருசம். ஒரு வார்த்த இல்ல, ஒரு ம் கூட இல்ல."

பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியது. கீழே மகாவலி மழைத் தண்ணீரோடு சிவப்பாக ஓடியது. பின்னேர வெயில் தண்ணீரிலிருந்து எழும்பி பஸ்ஸின் கூரையில் ஆடியது. அவள் முகத்திலும் ஆடியது.

"அவரும் ஒங்கள மாதிரிதான் போல" என்றாள். "வாயே திறக்க மாட்டாரு."

முன் சீட்டு அம்மா சிரித்துவிட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

எங்கள் சீட் மூன்று பேர் இருக்கும் சீட். ஞாயிறு பின்னேரம் அந்த பஸ் நிறைந்துதான் வரும், அன்றும் ஆட்கள் நின்றுகொண்டுதான் வந்தார்கள். என் மறுபக்கத்து இடத்தில் மட்டும் கடைசி வரை யாரும் வந்து உட்காரவில்லை. ஏன் என்று தெரியாது. இறங்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

இறங்க இன்னும் ஒரு தரிப்பு இருக்கும்போது, "போதும், தொண்ட கட்டிரும்" என்றாள். பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் மடியில் வைத்தாள். நான் கேட்கவில்லை. பாதி குடித்தேன். அவள் உதடு காய்ந்திருந்தது. மீதியை அவள் மடியில் வைத்தேன்.

மேட்டில் ஏறும்போது அவள் கொஞ்சம் பேசினாள், கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். பேசாமல் வந்த தூரத்தில் நான் பேசினேன். கேஸ் சிலிண்டர் மூடித்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மீன்காரர் வந்தார். விலையை நான் கேட்டேன். அவர் அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். சாளை வாங்கினோம். பிறகு நான் மடவளைக்கு வேலைக்குப் போனேன்.